கைவிளக்கேந்திய தலைவி

பத்துப் பேரைச் சேர்த்து ஒரு செயலை முடிப்பது எளிதன்று என்பதை வகுப்புத் தலைவியராகவும் விளையாட்டுக் குழுத் தலைவியராகவும் இருக்கும் மாணவியர் நன்கறிவர். குழுவினர் ஆளுக்கொரு பக்கம் இழுப்பர். மேலிடத்தில் உள்ளோர் நம்பத் தயங்குவர். இத்தொல்லைகள் அனைத்தையும் ஒருங்கே சந்தித்தவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார்.

இவர் 1820ஆம் ஆண்டு மே 12ஆம் நாள், இத்தாலியிலுள்ள பிளாரன்ஸ் நகரில், செல்வம் மிக்க ஆங்கிலக் குடும்பத்தில் பிறந்தார். நோயாளருக்குப் பணிவிடை செய்வது உயர்குடிப் பெண்களுக்குத் தகாது என்று கருதப்பட்ட காலம் அது. வீட்டார் தடுத்தும் இவர் மனம் மாறவில்லை. 1851இல் ஜெர்மனியிலுள்ள கைசர்ஸ்வெர்த் என்னும் ஊரில் பயிற்சி பெற்றார்.

1854இல் கிரிமியப் போர் மூண்டிருந்தது. துருக்கி நாட்டு ஸ்கூட்டாரி மருத்துவமனையில் ஆங்கிலப் போர்வீரர்கள் கவனிப்பாரின்றி மடிந்தனர். அரசினர் வேண்டுகோளை ஏற்று, 38 பெண்களுடன் அம்மையார் அங்குச் சென்றார். அவர்களுள் கத்தோலிக்கக் கன்னியர் பதின்மர். ஆங்கிலிக்கன் சபைச் சகோதரிகளும் கூலிக்கு உழைக்கும் தாதியரும் மற்றையோர். பழக்கவழக்கங்கள் வேறு, மனப்போக்கு வேறு. ஆயினும் நோயாளர் பணியில் அனைவரும் ஒரே தலைமைக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பது புறப்படுமுன்பே செய்துகொண்ட ஏற்பாடு.

நவம்பர் 4ஆம் நாள் வந்து சேர்ந்தவர்களை இராணுவ மருத்துவர்கள் வரவேற்கவில்லை. தாதியர் பொறுமை இழந்தனர். அம்மையாரோ, மருத்துவர் அழைக்கும் வரை எவரும் நோயாளரைத் தொடலாகாது என்று கட்டளையிட்டார். அதுவரை துணி தைக்கவும் கட்டுத் துணிகள் ஆயத்தம் செய்யவும் பணித்தார். சில நாட்களில் இங்கர்மன் போரில் காயமுற்றோர் வந்து குவிந்தனர். மறுத்த மருத்துவர்களே உதவி கேட்டனர். ஆயத்தமாயிருந்த குழு உடனே பணியில் இறங்கியது.

அவர் குறையே இல்லாதவர் அல்லர். டிசம்பர் மாதம், தம்மைக் கேளாமல் மேலும் ஒரு கூட்டம் பெண்களை அரசினர் அனுப்பியபோது கடுஞ்சினம் கொண்டார். பதவி விலகவும் முனைந்தார். ஆயினும் பணியை விட்டுவிடவில்லை. பெர்மண்ட்சி கன்னியர் மடத் தலைவி மேரி கிளேர் மூர் அன்னை அவருக்கு வலக்கரமாக விளங்கினார். அன்னையைத் தம்மினும் மேலானவராகவே அம்மையார் மதித்துப் போற்றினார். அந்நட்பு இறுதிவரை நீடித்தது.

1855 பிப்ரவரியில் அங்கு நூற்றுக்கு 42 பேர் வீதம் இறந்தனர். மார்ச்சில் வந்த சுகாதாரக் குழுவினர் சாக்கடைகளைத் தூய்மை செய்து, காற்றோட்டத்திற்கும் வழி செய்தபின் இறப்பு வெகுவாகக் குறைந்தது. போர் முடிந்து நாடு திரும்பிய அம்மையார், வில்லியம் பார் என்னும் புள்ளிவிவர அறிஞருடன் இக்கணக்குகளை ஆராய்ந்தார். தம் பணி நடந்த மருத்துவமனையில் பலர் உயிரிழக்கச் சுகாதாரக் கேடே பெருங்காரணம் என்று கண்டார். தம் புகழுக்குக் குறைவு நேருமே என்று அதனை மறைக்கவில்லை. வரைபடங்களாக்கி அரசினர் முன் வைத்துச் சீர்திருத்தம் கோரினார்.

1860இல் லண்டன் புனித தோமையார் மருத்துவமனையில் அவர் பெயரால் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கிற்று. 1910 ஆகஸ்ட் 13இல், தமது 90ஆம் வயதில் அம்மையார் மறைந்தார்.

அன்பு மாணவியரே! உரத்த குரலில் ஆணையிடுவது மட்டும் தலைமையாகாது. பொறுக்க வேண்டிய வேளையில் பொறுத்தலும், உடன் உழைப்போரின் உயர்வை ஒப்புதலும், உண்மை கசப்பினும் அதனை ஏற்றலும் தலைமையே. அம்மையாரின் கைவிளக்கு நமக்குக் காட்டும் வழி இதுவே.