லிங்கன் பூட்டிய கடை

ஆபிரகாம் லிங்கன் என்றதும் எம்மில் பலரது நினைவில் எழுவது பாடப்புத்தகத்துப் படமே. மரக்குடிசையில் பிறந்து, அடுப்பு வெளிச்சத்தில் படித்து, அமெரிக்காவின் பதினாறாவது ஜனாதிபதியாகி, 1863இல் அடிமைகளின் விடுதலையைப் பிரகடனம் செய்து, 1865இல் துப்பாக்கிக் குண்டுக்கு இரையான நெடிய மனிதர். பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்த காலத்தில் நாமும் இந்தப் படத்தையே சற்று விரித்துச் சொல்லி வந்தோம். இருபத்துமூன்று வயதில் அவர் ஒரு கடை வைத்து நொடித்துப்போனார் என்பதை அரை வாக்கியத்தில் கடந்து சென்றிருக்கிறோம். அந்த அரை வாக்கியத்தின் பாரம் எமக்கு விளங்கியது பின்னாளில், அந்நிய நாடொன்றில், ஒரு சிறு அச்சகத்தின் கதவை இழுத்துப் பூட்டிய அன்றுதான். அதனைப் பின்னர் சொல்வோம்.

லிங்கனின் குடும்பம் இடம்பெயர்ந்துகொண்டே இருந்த குடும்பம். 1809இல் அவர் பிறந்த கென்டக்கியில் காணி உறுதிகள் ஒன்றோடொன்று முரண்பட்டுக் கிடந்தன. அதனால் நிலத்தை இழந்த தந்தை 1816இல் இந்தியானாவுக்கும், 1830இல் இலினோய்க்கும் குடும்பத்தை நகர்த்தினார். அடுத்த ஆண்டு, டென்டன் ஒஃபட் என்ற வியாபாரியின் சரக்குகளைத் தட்டைப்படகில் ஏற்றிக்கொண்டு நியூ ஓர்லியன்ஸ் நோக்கிப் புறப்பட்ட லிங்கன், சங்கமன் ஆற்றில் ஓர் ஆலையின் அணையில் படகு சிக்கிக்கொள்ள, கரையில் இருந்த சிற்றூரொன்றைக் கண்டார். நியூ சேலம் என்பது அதன் பெயர். 1829இல் தோன்றிய அவ்வூரில் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் ஒருபோதும் இருந்ததில்லை எனலாம். ஒஃபட் அங்கே ஒரு கடை திறந்து லிங்கனை அதில் சிப்பந்தியாக அமர்த்தினார். வாய்ப்பேச்சில் வல்லவரான அம்முதலாளியின் கடை ஓர் ஆண்டுகூட நிலைக்கவில்லை.

இவ்வளவு சிறிய ஊரில் ஏன் கடைமேல் கடையாகத் திறந்தார்கள் என்று வாசகர் கேட்கக்கூடும். விடை ஆற்றில் இருக்கிறது. சங்கமன் ஆற்றில் நீராவிக் கப்பல் ஓடும், ஓடினால் நியூ சேலம் பெரும் துறைமுகப் பட்டினமாகும் என்று அவ்வூரார் நம்பினார்கள். 1832 மார்ச்சில் தலிஸ்மன் என்ற கப்பல் வரவும் செய்தது. கரையெங்கும் ஒரே ஆரவாரம். ஆனால் ஆற்றில் நீர் வடிந்துவிட, அக்கப்பல் திரும்பிப் போவதற்கு ஆலையின் அணையில் ஒரு பகுதியையே உடைக்க வேண்டியதாயிற்று. கப்பலைத் திருப்பிச் செலுத்த உதவியவர்களுள் லிங்கனும் ஒருவர். ஆற்றின் ஆழத்தைத் தம் கண்ணாலேயே அளந்த அந்த இளைஞர்தான், அதே ஆண்டிலேயே அதே ஊரில் கடை வாங்கினார் என்பதை எண்ணும்போது எமக்கு இன்றும் வியப்பே. கண் கண்டதை ஆசை நம்பவிடுவதில்லை போலும்.

இடையில் இரண்டு காரியங்கள் நடந்தன. தம் நிலத்தைவிட்டு வெளியேற்றப்பட்ட பூர்வகுடிகள் மீண்டும் ஆற்றைக் கடந்து வந்ததால் மூண்ட யுத்தத்தில் லிங்கன் தொண்டராகச் சேர்ந்தார். அந்த யுத்தத்தின் நியாய அநியாயம் வேறொரு கட்டுரைக்குரியது. திரும்பி வந்து மாநிலச் சட்டசபைக்குப் போட்டியிட்டுத் தோற்றார். போட்டியிட்ட 13 பேரில் எட்டாம் இடம். தம் ஊர் வாக்குச்சாவடியில் மட்டும் 300 வாக்குகளில் 277 அவருக்கு விழுந்திருந்தன. ஊர் அவரை விரும்பியது. ஆனால் தொழில் இல்லை. கொல்லர் வேலை பழகலாமா என்றுகூட யோசித்தார்.

அந்த வேளையிலேதான் கடை வந்து வாய்த்தது. ஹேர்ண்டன் என்ற சகோதரர் இருவர் நடத்திய பலசரக்குக் கடையில் ஒருவரது பங்கை வில்லியம் பெரி என்ற இளைஞர் வாங்கியிருந்தார். யுத்தத்தில் லிங்கனின் அணியில் இருந்தவர். ஒரு போதகரின் மகன். மற்றவரது பங்கை லிங்கன் வாங்கினார். பணம் கொடுத்தல்ல. கையில் பணமில்லாத நாட்டில் கடன்முறியே நாணயம். இன்ன தொகையை இன்ன காலத்தில் தருவேன் என்று எழுதிக் கையொப்பமிட்டால் போதும். ஓர் இளைஞனின் நல்ல பெயரை மட்டும் நம்பிக் கடையொன்று கைமாறிற்று.

1833 ஜனவரியில் ஊரின் முரட்டு இளைஞர் கூட்டமொன்று ரூபன் றட்ஃபோட் என்ற வியாபாரியின் கடையை அடித்து நொறுக்கியது. மனம் வெறுத்த அவர் 400 டொலருக்குக் கடன்முறி வாங்கிக்கொண்டு சரக்கை இன்னொருவருக்கு விற்றார். வாங்கியவர் இலாபம் வைத்து உடனேயே பெரிக்கும் லிங்கனுக்கும் தள்ளிவிட்டார். பழைய கடன் தீராமலே புதிய கடன். முதற்கடையே நடக்காதபோது அதற்குத் தீர்வாக இரண்டாவது சரக்கை வாங்கும் மயக்கம் வியாபாரம் அறியாதவர்க்கே உரியது. எமது மக்கள் வாழும் நகரங்களில் இதனை நாம் ஒருமுறைக்குப் பலமுறை கண்டிருக்கிறோம்.

கடை எப்படி நடந்தது? தேயிலை, கோப்பி, சீனி, உப்பு, துணி, தொப்பி எல்லாம் இருந்தன. வாங்குவோரிடம் காசு இல்லை. எதிரே ஊன்றி நின்ற வேறொரு கடையும் இருந்தது. பெரிக்குக் குடிப்பழக்கம். லிங்கனுக்கோ புத்தகப் பழக்கமும் கதைப் பழக்கமும். வாடிக்கையாளரைச் சிரிக்க வைத்து அனுப்புவாரே தவிர விற்று அனுப்புபவரல்லர். குற்றம் முழுவதையும் குடித்தவர் தலையில் போடுவது எளிது, பலர் போட்டுமிருக்கிறார்கள். எமக்கு அது நீதியாகப் படவில்லை. 1833 மார்ச்சில் மதுவைக் கோப்பையில் விற்பதற்கு அக்கடையின் பெயரில் அனுமதிப்பத்திரம் பெறப்பட்டது. கடைசி முயற்சி அது. 25 ஆண்டுகளின் பின், 1858இல், செனட் தேர்தல் விவாதத்தில் எதிராளி டக்ளஸ் இந்தக் கடையைச் சொல்லியே அவரைக் கிண்டல் செய்தார். தாம் சாராயக்கடை நடத்தியதில்லை என்று லிங்கன் மறுக்க வேண்டியிருந்தது.

அதே ஆண்டிலேயே கடை மெல்ல அணைந்துபோயிற்று. எஞ்சிய சரக்கைச் சகோதரர் இருவருக்குக் கடனுக்கே விற்றார்கள். தவணை வருமுன் அவர்கள் ஊரைவிட்டே ஓடிவிட்டனர். 1835 ஜனவரியில் பெரி இறந்தார். அவர் விட்டுச்சென்ற சொத்து ஏதுமில்லை என்றே சொல்லலாம். கூட்டு வியாபாரத்தின் கூர்மை இங்கேதான் இருக்கிறது. இலாபம் இரண்டாகப் பிரியும், கடன் பிரியாது. ஒருவர் மறைந்தால் மற்றவர் தலையில் முழுவதும் விழும். ஏறத்தாழ 1,100 டொலர். அக்காலத்து எல்லைப்புறத்தில் அது ஒரு மனிதன் பல ஆண்டுகள் உழைத்தாலும் மிச்சம் பிடிக்க முடியாத தொகை.

இவ்விடத்தில் எமது அச்சகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்நாட்டுக்கு வந்த மூன்றாம் ஆண்டில் நண்பர் இருவருடன் சேர்ந்து, சீட்டுக் காசும் கைமாற்றும் போட்டுத் தொடங்கினோம். பதினான்கு மாதங்கள். ஒருவர் ஒருநாள் வேறு நாட்டுக்குப் போய்விட்டார். மற்றவருக்கு வதிவிட அனுமதி மறுக்கப்பட்டது. கடன் பத்திரத்தில் கையொப்பம் எமதாக இருந்தது. நாமும் போய்விடலாம் என்று ஓர் இரவு முழுவதும் எண்ணியதுண்டு. போனால் தேடுவார் இல்லை என்பதும் தெரிந்திருந்தது.

லிங்கனுக்கும் அந்த வழி திறந்தே கிடந்தது. மேற்கே இன்னும் எல்லையற்ற நிலம். கடன்பட்டவர்கள் இரவோடிரவாக வண்டி கட்டிப் போவது அங்கே பழக்கமே. அவருக்குத் தரவேண்டியவர்கள்கூட அதனையே செய்தார்கள். அவர் போகவில்லை. 1833 மே மாதம் ஊரின் தபால் அதிபரானார், அற்ப வருமானம். நில அளவை நூல்களைத் தாமே படித்துத் துணை நில அளவையாளரானார். அப்போதும் விடவில்லை கடன். ஒரு கடன்காரர் தீர்ப்புப் பெற்று அவரது குதிரை, சேணம், அளவைக் கருவிகள் யாவற்றையும் ஏலத்துக்குக் கொண்டுவந்தார். உழைத்துக் கடனைக் கட்டுவதற்கான கருவியே கடனுக்காகப் பறிபோயிற்று. ஜேம்ஸ் ஷோட் என்ற விவசாயி சொல்லாமற் கொள்ளாமல் ஏலத்தில் அவற்றை எடுத்து, லிங்கனிடமே திருப்பிக் கொடுத்தார். அப்பணத்தை லிங்கன் பின்னர் கொடுத்துத் தீர்த்தார். முப்பது ஆண்டுகள் கழிந்தும் மறக்கவில்லை. ஜனாதிபதியானதும் ஷோட்டுக்குக் கலிபோர்னியாவில் ஓர் அரச பதவி கிடைத்தது.

1834இல் சட்டசபைக்குத் தெரிவானார்; சட்டம் படித்து 1836இல் வழக்கறிஞராக உரிமம் பெற்றார். 1837 ஏப்ரலில், இரவல் குதிரையில் ஸ்பிரிங்ஃபீல்ட் நகருக்கு வந்து, ஜோஷுவா ஸ்பீட் என்பவரின் கடையில் படுக்கைக்கு விலை கேட்டார். 17 டொலர். மலிவுதான் என்று ஒப்புக்கொண்ட லிங்கன், தம்மிடம் அப்பணம் இல்லை என்றும், நத்தார்வரை கடன் தரலாமா என்றும் கேட்டார். கேட்டதோடு நிற்கவில்லை, வழக்கறிஞர் தொழிலில் தோற்றால் இக்கடனைத் தம்மால் ஒருபோதும் கட்ட முடியாமற் போகலாம் என்பதையும் சேர்த்தே சொன்னார். ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர் நம்பிக்கையோடு கடன்முறிகளில் கையொப்பமிட்ட இளைஞர் இவரல்லர். அவ்வளவு வாடிய முகத்தைத் தாம் கண்டதில்லை என்று பின்னாளில் நினைவுகூர்ந்த ஸ்பீட், மேல்மாடியில் தமது பெரிய கட்டிலைப் பகிர்ந்துகொள்ளும்படி அழைத்தார். லிங்கன் மாடியேறித் தம் இரு சேணப்பைகளைத் தரையில் வைத்துவிட்டு, முகம் மலரக் கீழே வந்து, குடிபுகுந்தாயிற்று என்றார்.

அந்தக் கட்டிலில் அவர் உறங்கிய காலம் முழுவதும் நியூ சேலம் கடன் தொடர்ந்தது. அதனைத் தேசியக் கடன் என்று நண்பர்களிடம் வேடிக்கையாகக் குறிப்பிடுவார். கடைசிப் பகுதியை அவர் கட்டியது 1848 அளவில், வோஷிங்டனில் காங்கிரஸ் உறுப்பினராக இருந்தபோது என்பர் வரலாற்றாசிரியர் பலர். பெரியின் பாதியும் அதில் அடக்கம். தோல்வியே வெற்றியின் படிக்கட்டு என்று எழுதுவோர் இக்கதையை அதற்குச் சான்றாகக் காட்டுவதுண்டு. அது பொருந்தாது. அவர் மீண்டும் ஒரு கடை வைக்கவேயில்லை. வழக்கறிஞராக நடத்திய வழக்குகளில் பெரும்பகுதி மட்டும் கடன் வழக்குகளாகவே இருந்தன.

நியூ சேலமும் நிலைக்கவில்லை. அருகே பீட்டர்ஸ்பேர்க் நகரம் எழுந்தது. அதற்கு நிலம் அளந்து கொடுத்தவர் லிங்கனேதான். தபால் நிலையம் 1836இல் அங்கே போயிற்று. 1840 அளவில் நியூ சேலம் ஆளற்றுக் கிடந்தது. இருபதாம் நூற்றாண்டில் அவ்வூரை மீளக் கட்டியெழுப்பினார்கள். இன்று போவோர் அந்தக் கடையையும் பார்க்கலாம். பெரி–லிங்கன் கடை என்பது அதன் பெயர். இறந்தவரின் பெயரே முதலில் நிற்கிறது.