குட்டி இளவரசனை எழுதிய விமானி

பிள்ளைகளே, 'குட்டி இளவரசன்' புத்தகம் உங்கள் வீட்டில் இருக்குதா? அது தமிழிலும் இருக்குது. அதை எழுதியவர் நம்மட ஃப்ரிபூர்க்கில் படித்தவர், தெரியுமா?

அவர் பெயர் அந்துவான் து செந்த் எக்சுபெரி. 1900இல் பிரான்சில், லியோன் நகரில் பிறந்தார். முதலாம் உலகப் போர் நடந்தபோது, 1915இல், அவரும் தம்பி பிரான்சுவாவும் ஃப்ரிபூர்க்குக்கு வந்தார்கள். இங்கே ஒரு பள்ளிக்கூட விடுதியில் தங்கிப் படித்தார்கள். சுவிஸில் போர் இல்லை. ஆனால் 1917இல் தம்பி நோய் வந்து இறந்துபோனார். அப்போது அந்துவானுக்கு 17 வயது.

வளர்ந்ததும் அவர் விமானி ஆனார். சஹாரா பாலைவனத்துக்கு மேலே பறந்து கடிதங்கள் கொண்டுபோனார்.

1939இல் இரண்டாம் உலகப் போர் வந்தது. எதிரியின் படை எங்கே நிற்குது என்று மேலே பறந்து பார்ப்பதுதான் அவருடைய வேலை. விமானத்தில் மூன்று பேர். அந்துவான் ஓட்டுவார். இன்னொருவர் கீழே பார்த்துப் படம் எடுப்பார். மூன்றாவது ஆள் துப்பாக்கி வீரர். அவர் பின்பக்கம் பார்த்தபடி இருப்பார். பின்னால் எதிரி விமானம் வந்தால் அவர்தான் சொல்ல வேண்டும்.

1940 மே 23 அன்று ஆராஸ் நகரத்துக்கு மேலே பறந்தார்கள். கீழேயிருந்து பீரங்கிகள் சுட்டன. விமானத்தில் குண்டு பட்டது. ஆனாலும் மூன்று பேரும் உயிரோடு திரும்பினார்கள்.

பிறகு அந்துவான் அமெரிக்காவுக்குப் போனார். 'குட்டி இளவரசன்' 1943இல் அங்கேதான் வெளிவந்தது. அவர் அங்கேயே இருந்திருக்கலாம். ஆனால் திரும்பவும் போருக்குப் போனார். வயது கூடிப்போச்சு என்றார்கள். அவர் விடவில்லை. கேட்டுக் கேட்டு அனுமதி வாங்கினார்.

இந்த முறை விமானத்தில் ஓர் ஆள்தான். துப்பாக்கியும் இல்லை. பழைய விபத்துக் காயங்களால் அவருக்கு இடது பக்கம் தலையைத் திருப்ப ஏலாது. பின்னால் பார்த்துச் சொல்லவும் யாரும் இல்லை.

1944 ஜூலை 31 காலை, கோர்சிகா தீவிலிருந்து தனியாகப் பறந்தார். திரும்பி வரவில்லை. அவருக்கு 44 வயது.

1998இல் மார்செய் நகருக்குப் பக்கத்துக் கடலில் ஒரு மீனவரின் வலையில் வெள்ளிக் கைச்சங்கிலி ஒன்று வந்தது. அதில் அந்துவானின் பெயர் இருந்தது. இரண்டு வருடம் கழித்து, கடலுக்கு அடியில் விமானத்தின் துண்டுகளையும் கண்டுபிடித்தார்கள்.

யோசித்துச் சொல்லுங்கோ

1. துப்பாக்கி வீரர் ஏன் பின்பக்கம் பார்த்தபடி இருந்தார்?
2. கடைசிப் பயணம் ஏன் அதிக ஆபத்தானது?
3. அந்துவான் திரும்பவும் போருக்குப் போனது சரியா? வீட்டில் அம்மா அப்பாவோடு கதைத்துப் பாருங்கோ.