அன்னையின் புதையல்

ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் புல்ஸ்னிட்ஸ் என்றொரு சிற்றூர். அங்கே தானிய வணிகர் ஒருவரின் மனைவி நோயுற்றுக் கிடந்தார். இறுதி நேரம் நெருங்கியதை உணர்ந்த அவர் தம் பிள்ளைகளை அருகழைத்து, அவர்களுக்காகப் பெரும்புதையல் ஒன்றைச் சேர்த்து வைத்திருப்பதாகக் கூறினார். அஃது எங்கே உள்ளது என மகள் ஒருத்தி வினவ, விவிலியத்தில் தேடுமாறு சொன்னார். அதன் ஒவ்வொரு பக்கமும் தம் கண்ணீரால் நனைந்தது என்றும் சொன்னார். அதைக் கேட்டு நின்ற பிள்ளைகளுள் ஒருவரே, 1682ஆம் ஆண்டு பிறந்த பர்த்தலோமேயு சீகன்பால்கு. சில ஆண்டுகளில் தந்தையும் மறைந்தார். பெற்றோர் விட்டுச்சென்ற செல்வமாக அச்சிறுவர் மனத்தில் நிலைத்தது அந்நூல் ஒன்றே.

ஹாலே பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிராங்கேயிடம் இறையியல் பயின்றார். அடிக்கடி தாக்கிய நோய் படிப்பை இடையிடையே நிறுத்தியது. திடமான உடலோ தொடர்ந்த கல்வியோ வாய்க்காத அவரைத்தான், டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக்கின் திட்டப்படி இந்தியாவுக்கு அனுப்பத் தேர்ந்தனர். புளுட்சோ என்னும் நண்பருடன் 1705 நவம்பரில் கப்பலேறி, 1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியை அடைந்தார்.

மன்னரின் ஆணையோடு வந்தவருக்கு மாலை மரியாதை காத்திருக்கவில்லை. தரங்கம்பாடி அப்போது டேனிய வணிகக் கழகத்தின் ஆளுகையில் இருந்தது. சமயப்பணியால் வணிகத்திற்கு ஊறு நேரும் என அஞ்சிய கோட்டைத் தலைவர் ஹாசியஸ், வந்தவர்களைக் காக்கவைத்துப் பின் தெருவிலேயே விட்டுச் சென்றார். தங்க இடமில்லை, ஊரார் பேசும் மொழியும் தெரியாது.

மொழியிலிருந்தே அவர் தொடங்கினார். முதிய ஆசிரியர் ஒருவர் தம் திண்ணைப் பள்ளியை அவர் வீட்டிலேயே நடத்த இசைந்தார். இருபத்து நான்கு வயது இளைஞர், சிறுவர்களோடு தரையில் அமர்ந்து மணலில் விரலால் தமிழ் எழுத்துகளை எழுதிப் பழகினார். பலமொழி அறிந்த அழகப்பன் என்பவரும் துணை நின்றார். ஓரிரு ஆண்டுகளில் சீகன்பால்கு நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைத் திரட்டிப் பட்டியலிட்டார். நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை 1708இல் ஜெர்மானிய மொழியில் பெயர்த்தார். கற்பிக்க வந்தவர் முதலில் கற்க அமர்ந்தது நாம் நின்று நோக்கத் தக்கது.

அந்த 1708ஆம் ஆண்டே அவர் வாழ்வின் கடிய ஆண்டு. ஐரோப்பாவிலிருந்து பணிக்கென வந்த பணப்பெட்டி, கரைக்குக் கொண்டுவரும்போது படகு கவிழ்ந்து கடலில் மூழ்கியது. கடன் வாங்கியே பள்ளியையும் பிள்ளைகளின் உணவையும் நடத்த வேண்டியதாயிற்று. அன்றன்றைய அப்பத்திற்காக வேண்டுமாறு இயேசு கற்பித்த செபம், அவ்வீட்டில் வெறும் வழிபாட்டு வாய்பாடாக இருந்திருக்க இயலாது.

அவ்வாண்டின் இறுதியில் வழக்கொன்று எழுந்தது. நாவிதர் ஒருவரின் கைம்பெண், இறந்த கணவரின் கடன் தொடர்பான பூசலில் நீதி வேண்டி நின்றார். எதிர்த்தரப்பினர் வணிகக் கழகத்தின் மொழிபெயர்ப்பாளர். சீகன்பால்கு அப்பெண்ணுக்காகப் பலமுறை பரிந்து பேசினார். சினமுற்ற ஹாசியஸ் விசாரணைக்கு அழைத்தபோது, எழுத்து வடிவில் ஆணை வேண்டும் எனக் கேட்டார். அவரிடம் பணிவு குறைவு என்று அன்று சிலர் கருதியிருக்கலாம். அவர் எளிதில் வளைபவர் அல்லர் என்பதும் மெய்யே. விளைவு, டேன்ஸ்போர்க் கோட்டையில் நான்கு மாதச் சிறை. தொடங்கி ஒரு மாதமே ஆகியிருந்த புதிய ஏற்பாட்டின் தமிழாக்கம் நின்றது. எழுதுகோலும் மையும் முதலில் மறுக்கப்பட்டன. சிறையிலிருந்தே திருச்சபைகளுக்கு மடல் வரைந்த பவுலின் வரலாற்றை நன்கறிந்தவர் அவர். எழுதுபொருள் கிடைத்ததும், இறைவனுக்கு உகந்த பணிவாழ்வு குறித்து எழுதத் தொடங்கினார்.

விடுதலைக்குப்பின் தமிழாக்கத்தைத் தொடர்ந்து 1711 மார்ச்சில் நிறைவுசெய்தார். அச்சிடுவதிலும் இடர்களே முந்தின. இங்கிலாந்து நண்பர்கள் அனுப்பிய அச்சுப்பொறியை ஏற்றிய கப்பலைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றினர். மீண்டு வந்த பொறியோடு புறப்பட்ட அச்சர் வழியிலேயே இறந்தார். ஹாலேயில் வார்த்தனுப்பிய தமிழ் எழுத்துகள் பெரியனவாக இருந்தமையால், இருப்பிலிருந்த தாள் நூல் முழுமைக்கும் போதவில்லை. அப்போது தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்க்க முற்பட்டனர். அதற்கு ஈயம் வேண்டுமே! இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிகளைப் பொதிந்திருந்த ஈயத்தகடுகளை உருக்கினர். 1714இல் நற்செய்திகளும் திருத்தூதர் பணிகளும், 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சேறின. பொறையாற்றில் தாள் ஆலை ஒன்றும் எழுந்தது. இறைநம்பிக்கை என்பது கைகட்டிக் காத்திருத்தல் எனக் கருதுவோர், அந்த ஈயத்தகடுகளைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

இடையே ஐரோப்பா சென்ற அவர், இலத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணத்தை 1716இல் ஹாலேயில் பதிப்பித்து, மனைவி மரியா டோரதியாவுடன் அவ்வாண்டே திரும்பினார். 1718இல் புதிய எருசலேம் ஆலயம் எழுந்தது. அவரை மிகவும் வருத்தியது கோட்டைச் சிறை அன்று. கோபன்ஹேகனிலிருந்து வந்த மடல்களே. பணியாளர்கள் உடைமையின்றி ஊரூராய்ச் செல்ல வேண்டும், பள்ளிக்கும் கட்டடத்திற்கும் செலவிடுவது தகாது எனப் பணிக்குழுவின் செயலர் கடுமையாகக் கண்டித்து எழுதினார். பகைவர் தந்த சிறையைத் தாங்கியவருக்குத் தம்மவரின் சொல் தாங்கற்கரியதாயிற்று. நோய் முற்றியது. ஆயினும் பழைய ஏற்பாட்டை மொழிபெயர்க்கும் பணியை அவர் விட்டுவிடவில்லை.

1719 பிப்ரவரி 23ஆம் நாள், இயேசுவைத் தம் நம்பிக்கையாகப் போற்றும் ஜெர்மானியப் பாடலைப் பாடக்கேட்டு, முப்பத்தாறு வயதில் உயிர் நீத்தார். தாம் எழுப்பிய ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர்தம் தமிழாக்கம் ரூத்து நூல்வரை வந்திருந்தது. கணவனை இழந்து, அயல்நாட்டு வயலில் சிந்திய கதிர்களைப் பொறுக்கி அன்றாடம் பசியாற்றிய பெண்ணின் வரலாறு அது. எஞ்சிய பகுதிகளைப் பின்வந்த பெஞ்சமின் சூல்சு தொடர்ந்து மொழிபெயர்த்தார்.