வள்ளல் பச்சையப்ப முதலியார்

சென்னையினின்று கடலோரமாக மாமல்லபுரம் செல்லும் நம் மாணவர், பல்லவர் கற்கோயில்களைக் கண்டு மகிழ்ந்து திரும்புவர். இன்னும் சில மைல் தெற்கே சென்று சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையைக் காண்போர் சிலரே. பதினெட்டாம் நூற்றாண்டில் டச்சுக் கம்பெனியும் ஆங்கிலக் கம்பெனியும் இக்கரையில் வியாபாரம் நடத்தின. இலாபம் கடல் கடந்து பங்காளிகளைச் சேர்ந்தது. நெய்தவனுக்கும் உழுதவனுக்கும் அக்கம்பெனிகள் யாது கடன்பட்டன என்று கேட்பாரில்லை. வெள்ளையருக்கும் நம்மவருக்கும் நடுவே நின்று பொருளீட்டியவர் துபாஷிகள். அவருள் ஒருவர் சரிதம் இது.

பச்சையப்ப முதலியார், பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த பெரியபாளையத்தில் 1754-ஆம் ஆண்டு பிறந்தார். தந்தையார் விசுவநாத முதலியார் இவர் பிறக்குமுன்னரே காலமாயினர். தாயார் பூச்சியம்மாள் பின்னர்ச் சென்னை சேர்ந்து, நாராயண பிள்ளை என்னும் துபாஷியின் ஆதரவைப் பெற்றார். அவரிடமே பச்சையப்பர் தொழில் பயின்றார்.

1780-இல் ஹைதர் அலியின் படையெடுப்பால் செங்கற்பட்டுச் சீமை பாழாயிற்று. குடிகள் நலிந்த அக்காலத்தே வட்டியும் வரிக் குத்தகையும் சிலருக்குச் செல்வம் கொழித்த துறைகளாயின என்பதை மறைத்தல் தகாது. முதலியார் செல்வமும் கம்பெனி உத்தியோகஸ்தரோடும் தஞ்சை அரசரோடும் கொண்ட பணத்தொடர்பால் வளர்ந்ததே. ஆயினும் ஈட்டியதைப் பூட்டி வைத்தாரல்லர்; சிதம்பரத்துக் கீழைக் கோபுரத் திருப்பணி அவர் கொடையை இன்றும் காட்டும்.

1794 மார்ச்சு 22-இல் தம் பெருஞ்செல்வத்தை அறத்திற்கென ஒதுக்கி மரண சாசனம் எழுதினார். அம்மாதம் 31-இல் திருவையாற்றில் உயிர் நீத்தார். வயது நாற்பது.

இனித்தான் வருந்தத்தக்க பகுதி. சாசனம் இருந்தது, நிறைவேற்றுவாரில்லை. சொத்துரிமை பற்றிய வழக்குகள் நீண்டன. கோயிற் கட்டளைகளும் ஏழைகளும் காத்திருக்க, ஒரு தலைமுறைக்கு மேற் கழிந்தது. அட்வொகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் பெரிதும் முயன்றார். 1832-இல் சுப்ரீம் கோர்ட்டு தர்மங்களை ஒழுங்குபடுத்தித் தீர்ப்பளித்தது. வட்டியால் மிகுந்த பணம் கல்விக்கென ஒதுக்கப்பட்டு, 1842-இல் சென்னையில் பச்சையப்பர் பாடசாலை தோன்றிற்று. ஆங்கிலக் கல்வியை அவர் சாசனம் கருதியதேயில்லை என்பது நினைக்கத்தக்கது.

செல்வர் கடமையைப் பிற நாட்டார் வெவ்வேறு வழியில் ஏற்றனர். ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் ஆபே 1889-இல் நிறுவிய அறநிலையத்திற்கே ஸைஸ் தொழிற்சாலையை உரிமையாக்கினார். இங்கிலாந்தில் காட்பரி குடும்பத்தார் தொழிற்சாலையருகே போர்ன்வில் ஊரை எழுப்பினர். அமெரிக்கக் கார்னகி தம் கம்பெனியை 1901-இல் விற்று, அப்பணத்தை வாழுங்காலத்திலேயே வழங்கினார். நம் நாடோ 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தால், பெரிய கம்பெனிகள் முந்திய மூன்றாண்டுகளின் சராசரி இலாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிடக் கட்டளையிட்டது. செலவிடாதார் காரணம் கூறினாற் போதும் என்றிருந்த நிலை 2021-இல் மாறிற்று; தவறினால் அபராதம் உண்டு. சாசனம் பெட்டியிலும் பணம் பிறர் கையிலும் கிடந்த அந்த ஆண்டுகளை அறிந்தவர் இக்கண்டிப்பைக் குறை கூறார்.

ஏதென்ஸ் நகரத்துப் பழங்கோயிலைப் போன்று தூண்கள் நிறுத்தி எழுப்பப்பட்ட பச்சையப்பர் மண்டபம் சென்னையில் உள்ளது. அவர் பெயர் பூண்ட கல்லூரியில் 1947 வரை இந்துக்களே பயிலலாம் என்பது விதி. அவ்வாண்டிலேதான் அதன் கதவு எல்லார்க்கும் திறக்கப்பட்டது.