எல்.கே.ஜி-யின் தாத்தா... ஸ்கிராட்ச் பூனைக்கும் அவர்தான் தாத்தா!

உங்க வீட்டுக் குட்டீஸ் லேப்டாப்பில் ஒரு ஆரஞ்சு நிறப் பூனையை நடக்கவைத்து விளையாடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? அதுதான் 'ஸ்கிராட்ச்'. கலர் கலரான பிளாக்குகளை இழுத்து ஒன்றோடு ஒன்று ஒட்டினால் போதும். '10 அடி நகர்' என்று ஒரு பிளாக், 'அடுத்த தோற்றத்துக்கு மாறு' என்று இன்னொன்று. இரண்டையும் 'திரும்பத் திரும்பச் செய்' என்ற பிளாக்குக்குள் வைத்தால் பூனை நடக்க ஆரம்பிச்சுடும். அனிமேஷனும் ரெடி, கோடிங்கும் ரெடி!

2007-ல் இதை வெளியிட்டது அமெரிக்காவின் எம்.ஐ.டி மீடியா லேபில் இருக்கும் ஒரு குழு. அதன் பெயர், 'லைஃப்லாங் கிண்டர்கார்டன்'. நம்ம ஊர் எல்.கே.ஜி, யு.கே.ஜி-யில் வரும் 'கே.ஜி'-யும் இதே கிண்டர்கார்டன்தான். கோடிங் குழுவுக்கு எதுக்குங்க எல்.கே.ஜி பெயர்? அது தெரியணும்னா, ஃப்ரெட்ரிக் ஃப்ரோபெலின் கதையைத் தெரிஞ்சுக்கணும்.

1782-ல் ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே அம்மா இறந்துவிட்டார். அப்பா பாதிரியார், ஊர் வேலையே அவருக்குச் சரியாக இருந்தது. சித்தியிடமும் பாசம் கிடைக்கவில்லை. தனியாகத் தோட்டத்தில் சுற்றி வளர்ந்த பையன், 15 வயதில் வனக்காவலர் ஒருவரிடம் வேலை பழகப் போனான்.

கட்டடக்கலை படிக்க ஃப்ராங்க்ஃபர்ட் போனவர், 1805-ல் அங்கே ஆசிரியராகிவிட்டார். சுவிட்சர்லாந்தில் பெஸ்டலாட்சி என்ற கல்வியாளரின் பள்ளியில் இரண்டு வருஷம் இருந்தார். அப்புறம் பெர்லினில் படிகக் கற்களைப் பற்றி ஆராய்ச்சி. எளிய வடிவங்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டே அழகான படிகம் உருவாகிறது என்பது அவர் மனதில் பதிந்துவிட்டது.

1837-ல் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் சின்னக் குழந்தைகளுக்காக ஓர் இடத்தைத் தொடங்கினார். அப்போது அவருக்கு 55 வயது. 1840-ல் அதற்கு வைத்த பெயர்தான் 'கிண்டர்கார்டன்'. அதாவது, குழந்தைகளின் தோட்டம்.

அங்கே மனப்பாடம் கிடையாது. பாட்டு, விளையாட்டு, செடி வளர்ப்பு. கூடவே, அவரே வடிவமைத்த விளையாட்டுப் பொருள்கள். அவற்றை 'பரிசுகள்' என்றே அழைத்தார். அதில் ஒன்று, எட்டு குட்டிக் கனசதுரங்களாகப் பிரியும் ஒரு மரக்கட்டை. குழந்தை அதில் நாற்காலி செய்யும். மொத்தமாகக் கலைக்காமல், இரண்டு கட்டைகளை மட்டும் நகர்த்தி அதையே வேறொன்றாக மாற்றும். எட்டில் ஒன்றைக்கூட மிச்சம் வைக்கக் கூடாது என்பது விதி. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க... இருக்கிற பிளாக்குகளை இடம் மாற்றி, என்ன ஆகுதுன்னு பார்த்து, திருத்தி மறுபடி முயற்சி செய்வது. இன்னிக்கு ஸ்கிராட்ச்சில் குழந்தைகள் செய்வதும் இதைத்தானே!

ஆனால், இந்தத் தோட்டத்துக்கே பூட்டு விழுந்தது. 1851-ல் பிரஷ்ய அரசு கிண்டர்கார்டன்களுக்குத் தடை விதித்தது. நாத்திகமும் சோஷலிசமும் பரப்புகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. இத்தனைக்கும் ஃப்ரோபெல் கடவுள் நம்பிக்கை உள்ளவர். அண்ணன் மகன் கார்ல் ஃப்ரோபெல் எழுதியதையும் இவருடையதையும் அதிகாரிகள் குழப்பிக்கொண்டார்கள். எவ்வளவோ மன்றாடியும் தடை நீங்கவில்லை. மறுவருஷமே, 1852 ஜூனில், 70 வயதில் இறந்துபோனார்.

தடை நீங்கியது 1860-ல். அவரிடம் பயிற்சி பெற்றவர்களில் பலர் பெண்கள். அவர்கள்தாம் கிண்டர்கார்டனை நாடு நாடாகக் கொண்டுபோனார்கள். ஷ்வைனா என்ற ஊரில் இருக்கும் அவர் கல்லறையில் கனசதுரம், உருளை, பந்து என மூன்று கல் வடிவங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. மூன்றுமே அவர் குழந்தைகளுக்குக் கொடுத்த விளையாட்டுப் பொருள்களின் வடிவங்கள்.

அவர் பெயர் சொல்லும் கே.ஜி வகுப்பிலேயே இன்னிக்கு ஹோம்வொர்க் குவியுது. கோடிங் கிளாஸிலும் சார் செய்ததை அப்படியே காப்பி அடித்தால், குழந்தைக்கு மிஞ்சுவது சார் செய்த பூனை மட்டும்தான். அதனால், உங்க வீட்டுக் குட்டி அனிமேஷன் செய்யும்போது பூனை தலைகீழாக நடந்தால், மவுஸைப் பிடுங்காதீங்க. எந்த பிளாக்கை மாத்தினா நேரா நடக்கும்னு கேளுங்க. கேட்டுட்டு, கொஞ்ச நேரம் சும்மா இருங்க. குட்டியே கண்டுபிடிச்சுடும்!