தாவரங்களின் உறவுமுறை கண்ட ஜானகி அம்மாள்

மலையாளக் கரையிலுள்ள தலைச்சேரியில் 1897 ஆம் ஆண்டு நவம்பர் 4 ஆம் நாள் ஜானகி அம்மாள் பிறந்தார். அக்காலத்தில் அவ்வூர் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. சகோதரிகள் மணமுடித்துச் செல்ல, அவர் சென்னை இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் கற்றார். பின்னர் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

அந்நாளில் ஒரு செடியை இன்ன குடும்பத்தது என வகைப்படுத்துவதற்குக் கண்ணும் கைவில்லையுமே முதன்மைக் கருவிகள். இலையமைப்பு, இதழ்களின் எண்ணிக்கை, சூலகம் ஆகியவற்றை நோக்கி, உலர்த்திய மாதிரியைத் தாளில் ஒட்டிப் பெயரெழுதுவர். ஊரில் நான் படிப்பித்த காலத்திலும், இதழ்கள் மூன்றாயின் ஒருவித்திலைத் தாவரம், ஐந்தாயின் பெரும்பாலும் இருவித்திலைத் தாவரம் என்றே மாணவரை எண்ண வைத்தோம். நல்ல முறைதான். ஆயினும் தோற்றம் சிலவேளை ஏமாற்றிவிடும்.

1934 முதல் கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பணியாற்றிய ஜானகி அம்மாள், கரும்பின் காட்டு உறவாகிய நாணலை ஆராய்ந்தார். வேர்நுனியை வெட்டிச் சாயமூட்டி நுணுக்குக்காட்டியில் நோக்கினால், பிரியும் கலத்தினுள் குரோமோசோம் எனப்படும் நிறமூர்த்தங்கள் சிறு கோல்கள்போலத் தெரியும். அவற்றை எண்ணலாம். கண்ணுக்கு நாணலாகவே தோன்றும் புற்களிடையே அவ்வெண் 40 முதல் 128 வரை வேறுபடும் என்பதை இன்று அறிவோம். வேறு பேரினமான மக்காச்சோளத்துடனும் அவர் கரும்பைக் கலப்பித்தார்.

1939 இல் எடின்பரோவில் நடைபெற்ற பிறப்புரிமையியல் மாநாட்டுக்குச் சென்றார். உலகப் போர் மூண்டது. திரும்ப வழியின்றி இங்கிலாந்திலேயே தங்கினார். சில நாட்களுக்கெனப் பெட்டி கட்டி வந்தவர் ஆண்டுக்கணக்கில் அந்நிய மண்ணில் இருக்க நேர்ந்த கதையை நம் பெற்றோர்க்கு நான் விளக்க வேண்டியதில்லை. குண்டுகள் விழுந்த இலண்டனில், ஜோன் இன்னஸ் நிலையத்தில் அவர் எண்ணிக்கொண்டேயிருந்தார். பயிர்த் தாவரங்களின் நிறமூர்த்த எண்களைத் தொகுத்து, டார்லிங்டன் என்னும் அறிஞருடன் இணைந்து 1945 இல் நூலாக வெளியிட்டார். பின்பு விஸ்லித் தோட்டத்தில், நமது கார்த்திகைக் கிழங்கிலும் உள்ள கொல்சிசினைக் கொண்டு மக்னோலியாவின் நிறமூர்த்தங்களை இரட்டிப்பாக்கினார். அவற்றுள் ஒரு வகை அவர் பெயரையே தாங்கியுள்ளது.

புதிய முறையைக் கற்றவர் பழையதை எறிந்துவிடவில்லை. இதுவே அவரிடம் நான் பெரிதும் மதிப்பது. எண் மட்டும் இருந்தால், அது எந்தச் செடியின் எண்? பெயரெழுதி ஒட்டிய மாதிரி இல்லையேல் எவர் பதில் சொல்வது? நேருவின் அழைப்பையேற்றுத் தாயகம் திரும்பி, இந்தியத் தாவரவியல் அளவைத் துறையைச் சீரமைக்கும் பணியை ஏற்றார். பிற்காலத்தில் மலைவாழ் மக்களின் மூலிகை அறிவையும் ஆராய்ந்தார்.

கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கு அணைநீரில் மூழ்கும் நிலை வந்தபோது அவருக்கு வயது எண்பதை அண்மித்திருந்தது. அத்திட்டத்தை எதிர்த்ததோடு நில்லாது, அங்குள்ள காட்டுமரங்களின் நிறமூர்த்தங்களை ஆராயவும் புறப்பட்டார். 1984 பெப்ரவரி 7 ஆம் நாள் சென்னையை அடுத்த மதுரவாயலில் காலமானார். அணை கட்டப்படவில்லை. அவ்வாண்டு நவம்பரில் அப்பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.