எல்லை அறிந்த எர்ன்ஸ்ட் அபே

ஜெர்மனியின் ஐசனாக் நகரில் ஒரு நூற்பாலை. நண்பகலில் தந்தைக்கு உணவு கொண்டு செல்வான் ஒரு சிறுவன். இயந்திரத்தின் மீது சாய்ந்து நின்றபடியே அவசரமாக உண்டு, பாத்திரத்தை மகனிடம் தந்துவிட்டு, உடனே வேலைக்குத் திரும்புவார் தந்தை. நாளொன்றுக்கு 14 மணி நேரம், வேலை மிகுந்தால் 16 மணி நேரம் நின்றுகொண்டே உழைத்தவர் அவர். 1840 ஜனவரி 23-இல் பிறந்த அந்தச் சிறுவனே, நுண்ணோக்கியின் எல்லையைக் கண்டறிந்த எர்ன்ஸ்ட் அபே.

தந்தையின் முதலாளி செய்த உதவியால் கல்வி கற்ற அபே, 1861-இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1863 முதல் ஜெனாவில் கற்பித்தார். 1866-இல் அவரை நாடி வந்தார் நுண்ணோக்கி உற்பத்தியாளர் கார்ல் சைஸ். வில்லைகளைத் தேய்த்து, பொருத்திப் பார்த்து, பொருந்தாதவற்றை ஒதுக்கிவிடுவதே அன்றைய தொழில்முறை. அதைக் கணிதத்தின் துணையுடன் செய்ய விரும்பினார் சைஸ்.

வில்லைக்குள் நுழையும் ஒளிக்கூம்பைக் குறுக்கினால் பிழைகள் குறைந்து உருவம் தெளிவாகும் எனக் கருதினார் அபே. ஆனால், பழைய கருவிகளைவிட மங்கலாகவே தெரிந்தது உருவம். அந்தத் தோல்வியே அவருக்கு ஆசானாயிற்று.

ஒரு பொருளில் உள்ள நுண்ணிய கோடுகள் ஒளி அலைகளை வளைக்கின்றன. கோடுகள் நெருங்க நெருங்க, ஒளி மேலும் விலகி வளைகிறது. அவ்வாறு வளைந்த ஒளியை வில்லை ஏற்காவிடில், அந்த நுட்பம் உருவத்தில் இடம்பெறாது. எனவே, ஒளியின் அலைநீளத்தில் ஏறத்தாழ பாதியைவிட நெருக்கமாக உள்ள இரு புள்ளிகளை எத்தகைய வில்லையாலும் பிரித்துக் காட்ட இயலாது. ஒரு மில்லிமீட்டரில் சுமார் 5,000-இல் ஒரு பங்குதான் அந்த எல்லை. அதற்கு மேல் உருவத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்கலே பெரிதாகும். இதனை 1873-இல் அவர் வெளியிட்டார்.

எல்லை தெரிந்ததால் வீண் முயற்சிகள் ஒழிந்து, வழி தெளிவாயிற்று. அகன்ற கோணத்தில் ஒளியை ஏற்கும் வில்லைகளும், எண்ணெய்த் துளியில் தோய்ந்து இயங்கும் வில்லைகளும் உருவாயின. அக்கருவிகளின் துணையுடன்தான் 1882-இல் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தார் ராபர்ட் கோக்.

சைஸ் நிறுவனத்தின் பங்குதாரராகிப் பெரும் செல்வரான அபே, நூற்பாலையில் கண்ட காட்சியை மறக்கவில்லை. 1889-இல் கார்ல் சைஸ் அறக்கட்டளையைத் தோற்றுவித்தார். 1891-இல் நிறுவனத்தில் தமக்கிருந்த உரிமையை அதற்கே அளித்தார். தொழிலாளர்களுக்கு ஓய்வூதியமும் ஊதியத்துடன் விடுப்பும் உறுதியாயின. 1900-இல் வேலைநேரத்தை எட்டு மணியாகக் குறைத்தார். உற்பத்தி குறையும் என்றவர்களுக்குக் கணக்குகளே விடையளித்தன. ஒன்பது மணி நேரத்தில் நடந்த வேலை, எட்டு மணி நேரத்திலேயே குறைவின்றி நடந்தது.

1905 ஜனவரி 14-இல் அபே மறைந்தார். ஒளிரும் மூலக்கூறுகளைக் கொண்டு அவர் வகுத்த எல்லையைக் கடக்கும் வழிகளைக் கண்ட மூவருக்கு 2014-இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அறிவின் எல்லைகள் கடக்கப்படலாம். அது மனிதகுலத்துக்கு நன்மையே. ஆனால், உழைக்கும் உடலுக்கும் ஓர் எல்லை உண்டு. வேலைநேரத்தை நீட்டிக்க வேண்டும் என்ற குரல்கள் எழும்போதெல்லாம், நின்றபடியே உண்ட அந்தத் தந்தையையும், அதைப் பார்த்து நின்ற சிறுவனையும் நாம் நினைவில் கொள்வது நல்லது.